வெள்ளைக் கல்லும் செவப்புக் கல்லும்

முழங்காலில் வெளுத்து, தொடையில் திட்டுத்திட்டாக நீலம் கலைந்த ஜீன்ஸ் ஒன்றுக்காக வீட்டில் அடம்பிடித்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது ஒரு காய்ச்சல். ஸ்டோன் வாஷ் என்று கடைக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அந்தக் கல் என்ன கல், அதை யார் போடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கேட்கவேண்டிய தேவை இல்லை. போட்டது என் அம்மா. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு ஜீன்ஸ் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பழைய நினைவு என்றால் உருக்கமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு வரவில்லை. அந்தக் கோடையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது, இந்த வயதிலும்.

நாங்கள் சென்னையில் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் இருந்தோம். அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் கிரைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். அம்மா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஜீன்ஸ் சலவை செய்யும் ஒரு யூனிட்டில். நான் ஏழாவது முடித்து எட்டாவதுக்குப் போகக் காத்திருந்தேன். விடுமுறையில் என் ஒரே பொறுப்பு, மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோவது. சின்னப் பெண்தானே என்று வாட்ச்மேன் என்னைக் கேட்டில் நிறுத்துவதில்லை. பின்பக்கக் கொட்டகைவரை போய்விடுவேன்.

அந்த இடத்தின் வாசனையை எப்படிச் சொல்வது. பிளீச்சிங் பவுடரும் நனைந்த கெட்டித் துணியும் பாய்லர் சூடும் சேர்ந்த ஒரு நெடி, தொண்டையில் போய் உட்காரும். வெளியே சாக்கடையில் தண்ணீர் இங்க் கொட்டியதுபோல நீலமாக ஓடும். அம்மாவின் கைகள் முழங்கைவரை நீலம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, பூசைக்குக் கிளம்பும்போது எலுமிச்சை மூடி வைத்துத் தேய்ப்பாள். நகக்கண்ணில் மட்டும் போகாது. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போது விரல்களை மடக்கிக்கொள்வாள்.

அவள் வேலை, கல் போடுவது. மூட்டை மூட்டையாக வெளிநாட்டிலிருந்து கல் வரும். சாம்பல் கலந்த வெள்ளை, எலுமிச்சம்பழ அளவு, உடம்பெல்லாம் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டை. அவ்வளவு லேசு, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. பெரிய டிரம்முக்குள் ஜீன்ஸையும் இந்தக் கல்லையும் போட்டு, தண்ணீர் விட்டு, சுற்ற விடுவார்கள். கல் துணியை உரசும், தானும் தேயும். மூட்டைக்கு மூட்டை கல் ஒரே மாதிரி இருக்காது. எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதை அம்மா கையால் முடிவு செய்வாள். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று உரசுவாள். அரிசி மாவுபோலத் தூள் உதிர்ந்தால் தலையசைப்பாள். டிரம் ஓடும்போது சத்தத்தை வைத்தே கல் தேய்ந்துவிட்டது, நிறுத்து என்பாள். அவள் சொன்னால் நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் அவள் சொல்லி எதுவும் நின்றதில்லை, அதனால் எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

அவளோடு கூட வேலை செய்த அக்கா ஒருத்தி பாடியிலிருந்து வருவாள். அம்மாவைவிடப் பத்து வயது சிறியவள். அம்மாவை அவள் யக்கா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். வெளுத்த ஜீன்ஸை உதறி, பைக்குள் சிக்கிய கற்களைத் துழாவி எடுப்பது அவள் வேலை. இருவரும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். அம்மா கொட்டகையில் சிரிப்பது வீட்டில் சிரிப்பதுபோல இருக்காது. வாயை மூடிக்கொள்ளாமல் சிரிப்பாள்.

அம்மாவின் புடவைத் தோளில் ஊக்கு குத்தி ஓர் அட்டை தொங்கும். யூனிட்டின் கேட் பாஸ். அதில் ஒரு போட்டோ, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அம்மா தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ அது ஒன்றுதான். கல்யாண போட்டோவில் அப்பாவோடு இருக்கிறாள், பிறகெல்லாம் எங்களோடு இருக்கிறாள். தனியாக, நிமிர்ந்து, கொஞ்சம் கர்வத்தோடு பார்ப்பது அந்த அட்டையில் மட்டும்தான்.

மே மாதம் பாதியில் ஒரு புது லோடு வந்தது. மூட்டை அதே அளவுதான், ஆனால் எப்போதும் ஒருவர் தூக்குவதை இருவர் தூக்க வேண்டியிருந்தது. பிரித்தால், உள்ளே செங்கல் நிறமும் கறுப்பும் கலந்த கல். அதிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஓட்டைகள் பெரியவை, சுவர்கள் தடித்தவை, விளிம்பு கூர்மை. அம்மா இரண்டை எடுத்து உரசினாள். மாவு உதிரவில்லை. மணல்போலச் செந்தூள் உதிர்ந்தது, அவள் விரலில் ஒரு கீறல் விழுந்தது.

அம்மா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, இது அந்தக் கல் இல்லை என்றாள். அவர் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு தாமதமாகிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"இதுவும் எரிமலைக் கல்லுதாம்மா. பேப்பர்ல தெளிவா போட்ருக்கான். கலர் மட்டும்தான் வேற. நீ போடு."

எனக்கு அப்போது வாளியில் கல் மிதக்கவிடுவது ஒரு விளையாட்டு. வெள்ளைக் கல் தண்ணீரில் படகுபோல மிதக்கும். அன்றைக்குச் சிவப்புக் கல்லைப் போட்டேன். தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்தது. பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட துள்ளலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய், சார், அது மிதக்குது, இது முழுகுது, ரெண்டும் வேற வேற கல்லு என்றேன்.

அவர் சிரித்தார். அருகில் டிரம்மிலிருந்து அப்போதுதான் வெளியே கொட்டிய பழைய வெள்ளைக் கல் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வாளியில் போட்டார். அது மூழ்கியது.

"பாரு. இதுவுந்தான் முழுவுது. இப்போ இன்னா சொல்ற?"

 அது ஏன் மூழ்கியது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன். அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள், பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கு என்ன வேலை என்று.  அவள் என் பக்கம்தான் இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 

இப்போது நான் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தீப்பாறைகள் பற்றிய பாடம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. புத்தகத்தில் இரண்டு வரி. நான் ஒரு முழு வகுப்பு எடுப்பேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டாலும் விடமாட்டேன். இரண்டும் எரிமலைக் குழம்பு நுரைத்து, ஆறி, இறுகியவைதான். காகிதத்தில் எழுதியிருந்தது பொய் இல்லை. ஆனால் வெள்ளைக் கல், நுரைக்கல், கண்ணாடிபோல மெல்லிய சுவர்களுக்குள் காற்றை அடைத்து வைத்திருப்பது. அதனால் மிதக்கும். பதமாகத் தேயும், துணியின் மேல்நீலத்தை மட்டும் சுரண்டிவிட்டுத் தன்னையே பொடியாக்கிக்கொள்ளும். குதிகால் தேய்க்கவும் பித்தளை மெருகேற்றவும் ஆகும். ரொம்ப நேரம் ஊறினால் ஓட்டைக்குள் தண்ணீர் புகுந்து அதுவும் மூழ்கும். சூப்பர்வைசர் காட்டியது அந்த ஊறிய கல்லைத்தான். சிவப்புக் கல்லுக்கு ஸ்கோரியா என்று பெயர். இரும்பு கூடியது, சுவர் தடித்தது, காய்ந்தே இருந்தாலும் மூழ்குவது. தோட்டத்தில் பரப்பலாம், தண்ணீர் வடியப் பாத்தியில் போடலாம், கறி சுடும் அடுப்பில் சூடு பிடிக்க வைக்கலாம். சாலை போடக்கூட ஆகும். துணி துவைக்க ஆகாது. இவ்வளவுதான் விஷயம். இரண்டு காய்ந்த கல்லும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். அதைச் சொல்ல அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட இல்லையே என்று எனக்கு ஆத்திரம் வருவது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

அம்மா சிவப்புக் கல்லைப் போட்டாள். பாதிக் கல்லும் பாதி நேரமுமாகத்தான் போட்டாள். வெள்ளைக் கல் சுற்றினால் மழை ஓட்டில் பெய்வதுபோல ஒரே சீராகக் கேட்கும். அன்று டின்னுக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியதுபோல இருந்தது. நிறுத்தச் சொன்னாள். சூப்பர்வைசர் இன்னும் ஓடட்டும் என்றார். முதல்முறையாக அவள் சொல்லி அந்த டிரம் நிற்கவில்லை.

திறந்தபோது இடுப்புப் பட்டைகள் பிய்ந்திருந்தன. பட்டன்கள் உடைந்திருந்தன. வெளுத்திருக்க வேண்டிய இடமெல்லாம் துருப்பிடித்த பழுப்பு. அந்த லாட் முழுவதும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார், வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொல்லி. முந்தின சாயங்காலம் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த சிவப்புக் கல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிழைப்பே கல்தான். கிரைண்டிங் மெஷினில் சுற்றும் சாணைக்கல்லை அவர்கள் கல்லு என்றுதான் சொல்வார்கள். எந்த இரும்புக்கு எந்தக் கல், முரடா, நைசா, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒரு தடவை வேறொருவர் கல்லை மாற்றி மாட்டிவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தார். அப்படிப்பட்டவர் அன்று அந்தச் சிவப்புக் கல்லைக் கட்டைவிரலால் தேய்த்தார். ஸ்பூன் காம்பால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு அதை ஜன்னலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்கு அப்பா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

நானும் வருவேன் என்று அடம்பிடித்து அவர்களோடு போனேன். ஆபீஸ் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. சூப்பர்வைசர், கல்லை அளவுக்கு மேல் போட்டு மெஷினை நிறுத்தாமல் விட்டது அம்மாதான் என்றார். அம்மா இல்லை என்றாள், இரண்டு முறை. முதலாளி அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க மெஷின் வேலை தெரிஞ்சவரு. நீங்களே சொல்லுங்க. தப்பு கல்லு மேலயா, போட்ட ஆளு மேலயா?"

 அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"ஆளு மேலதான் சார்," என்றார் அப்பா. "அவளுக்கு அவசரம் ஜாஸ்தி."

வேலையை விட்டுவிடுவதாக அம்மா எழுதிக் கொடுத்தாள். அதாவது அப்பா எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். தோளிலிருந்து பாஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஊக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.  வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சிவப்புக் கல்லை எடுத்துக் கொல்லையில் எறிந்தாள்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? பயமா? எதிர்த்துப் பேசினால் நஷ்டத்தைக் கேட்பார்கள் என்று நினைத்தாரா? இல்லை, ஷிப்ட் முடிந்து வந்து மூடிவைத்த ஆறிய சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லையா? பெண்டாட்டி ஜீன்ஸ் வெளுக்கிறாள் என்று யாரோ சொன்னதாக ஒருமுறை முனகியிருக்கிறார். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நல்லவர்தான், குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

பள்ளி திறந்தது. அம்மா வீட்டில் இருந்தாள். அவள் கைகளில் நீலம் மெல்ல மெல்ல வெளிறியது. நான் பள்ளி விட்டு வந்தால் கேழ்வரகு அடையோ வெங்காய போண்டாவோ சுடச்சுட இருக்கும். இதை நான் மறைக்க விரும்பவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பூசை முடிந்து பாடகர் குழுவில் பயிற்சிக்குத் தங்கிவிட்டாள். நானும் அப்பாவும் வீட்டில். பாடிக்கார அக்கா குடையைச் சொட்டச்சொட்ட வாசலில் சாய்த்துவிட்டு நின்றாள். அந்தச் சிவப்பு மூட்டைகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், சூப்பர்வைசரும் வேறு இடம் போய்விட்டாராம்.

"கல்லு செக்‌ஷன் அக்கா இல்லாம ஓட மாட்டேங்குதுண்ணே. மொதலாளியே இட்டுனு வரச் சொன்னாரு."

அப்பா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"அவ வரமாட்டாம்மா. உங்க சகவாசமே வாணாம்னு சொல்லிட்டா."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் கணக்கு நோட்டு இருந்தது. நான் தலையைக் குனிந்து ஏதோ ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தேன். குடையை எடுத்துக்கொண்டு அவள் போகும் சத்தம் கேட்டது. அம்மாவிடம் சொல்லாதே என்றார் அப்பா. நான் சொல்லவில்லை. அன்று மட்டும் அல்ல, முப்பது வருடங்களுக்கு மேல் சொல்லவில்லை. இடையில் படித்தேன், வேலைக்குப் போனேன், அப்பா இறந்தும் பல வருடம் ஆயிற்று. நானும் அம்மாவும் அதே மேனாம்பேட்டில்தான் இருக்கிறோம்.

போன ஆவணி மாதம், வகுப்பில் காட்ட வேண்டும் என்று பூந்தமல்லி சாலையில் ஒரு நர்சரியில் இரண்டு கல்லிலும் கொஞ்சம் வாங்கிவந்தேன். அதை நடத்தும் அம்மாள், வெள்ளையை மண்ணில் கலந்துடுங்க, அது தண்ணியப் பிடிச்சு வைக்கும், சிவப்பை மேலே பரப்புங்க, அழகா இருக்கும், ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க என்று நான் கேட்காமலே சொன்னார். பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா சிவப்புக் கல்லைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல அசைத்துக்கொண்டிருந்தாள்.

"இத இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள கொண்டாந்த?"

அவள் குரலில் இருந்ததைக் கேட்டதும் அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அக்கா வந்ததை, அப்பா சொன்னதை, நான் கணக்குப் போட்டதை எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அவ வந்தது கிறிஸ்துமஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி, மழைக்காலம், குடை சொட்டிக்கொண்டிருந்தது என்றேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த டிசம்பரில், போட்டோவையாவது திருப்பிக் கேட்கலாம் என்று அவள் தனியாக யூனிட் கேட்டுக்குப் போயிருக்கிறாள். வேலை முடிந்து வெளியே வந்த அக்கா அவளைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாளாம். வேலை போனவளோடு பேசினால் தன் வேலையும் போய்விடும் என்று பயந்து ஒதுங்கிவிட்டாள், கூட உட்கார்ந்து தின்றவள் இவ்வளவுதானா என்று அம்மா நினைத்திருக்கிறாள். போட்டோவைக் கேட்காமலே திரும்பிவிட்டாள். அதன் பிறகு பாடி வழியாகப் பஸ்ஸில் போனால்கூட ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டாளாம்.

"அவள நான் எவ்ளோ திட்டிருப்பேன் தெரியுமா, மனசுக்குள்ள," என்றாள்.

அடுத்த வாரமே நான் பாடிக்குப் போய் விசாரித்தேன். அந்தத் தெருவில் பழைய தையற்காரர் ஒருவர், அவர்கள் வீட்டை விற்றுவிட்டுத் திருவேற்காட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டதாகச் சொன்னார். முப்பது வருடம் பாடியில்தான் இருந்திருக்கிறாள். மேனாம்பேட்டிலிருந்து எத்தனை தூரம்? வெயில் இல்லாத நாளில் நடந்தே போகலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முதலில் எங்களை வாசலில்தான் நிற்க வைத்தாள். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், என் பங்கையும் விடாமல். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. இந்தத் தடவை குனிந்துகொள்ள என்னிடம் நோட்டு இல்லை.

"யக்கா, ஒரு தபா நேர்ல வந்து என்னத் திட்டிருக்கக் கூடாதா நீ?"

"நீயும் வந்து கேட்டிருக்கலாமே."

இரண்டு பேரும் அதற்குமேல் அதைப் பேசவில்லை. உள்ளே கூப்பிட்டாள், டீ போட்டாள். முட்டி வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று பேச்சு தட்டுத்தடுமாறிப் போனது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிளம்பும்போது அக்கா, அண்ணன நான் நல்ல மனுசன்னு நெனச்சுனு இருந்தேன் என்றாள். அப்பாவை யாராவது ஒரு சொல் சொன்னால் உடனே பரிந்து பேசும் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்கினாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அப்பா போனதிலிருந்து ஒரு வருடம்கூட அம்மா அதைத் தவறவிட்டதில்லை. முந்தின நாளே ஆளை வைத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவாள், சாமந்தி வாங்கிவைத்துவிடுவாள். இந்த வருடம் காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ட்டு வா. எனக்கு முட்டி வலிக்குது."

தனியாகப் போனேன். காற்று அடித்ததில் மெழுகுவர்த்தி நிற்கவேயில்லை. கையால் மறைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏற்றினேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் குடும்பம் குடும்பமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே வந்துவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், அம்மா ஷேர் ஆட்டோ ஏறித் திருவேற்காட்டுக்குப் போனதாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். போன் செய்தேன். எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பின்னால் குக்கர் விசில் கேட்டது, அக்கா எதையோ சொல்ல, அம்மா வாயை மூடிக்கொள்ளாமல் சிரிப்பது கேட்டது.

"மத்தியானம் நான் இங்கியே சாப்ட்டுக்கிறேன்," என்றாள் அம்மா. "நீ உனக்கு எதனா பண்ணிக்க."